குதிக்கும் சக்கரமும் சம்பந்தியம்மாவின் காலும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். உன் மாமனார் சுகம், உன் மாமியார் அதைவிடச் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தப் பக்கம் சுகமில்லாமல் இருப்பது நம் கார் ஓட்டும் பயிற்சிப் பள்ளியின் வெள்ளைக் கார் ஒன்றுதான். அது ஓடும்போது பரவாயில்லை, நின்றால் நடுங்குகிறது.

போனவாரம் நீ போனில், "என்னப்பா, எஞ்சினை இறுக்கிக் கட்டிப் போட்டுட்டீங்களாமே, அத்தை சொன்னாங்க, எதுக்கு?" என்று கேட்டாய். நான் "அப்புறம் சொல்றேம்மா" என்று மழுப்பினேன். காரணம், உன் அம்மா பக்கத்தில் நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்த விஷயம் அந்தக் காய் வேகும் முன் உன் மாமியாருக்குப் போய்விடும். ஆகவே கடிதம். படித்துவிட்டு மாப்பிள்ளைக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய்துகொள்.

உன் மாமனாருக்குப் பார்வை மங்கியது உனக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவர், ஓய்வு பெற்றதும் ஆசையாக ஒரு கார் வாங்கினார். அப்போது நீங்கள் இருவரும் வேற்றூருக்குப் போய்விட்டீர்கள், பார்த்திருக்க மாட்டீர்கள். நாங்களும் பார்த்ததில்லை. சில மாதம் ஓட்டினார், அதற்குள் கண் டாக்டர் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கார் போர்ட்டிகோவில் சாம்பல் நிற உறைக்குள் கிடக்கிறது, அவர் வீட்டுக்குள் கிடக்கிறார். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் ஏற மாட்டாராம். "ஓட்ட ஆளில்லாத வண்டி எதுக்கு? டிப்போ ஃபிரெண்டு ஒருத்தர் கேட்கறார், குடுத்துடலாம்" என்று ஒருநாள் அவர் சொல்ல, உன் மாமியார் "நான் ஓட்டறேன்" என்றிருக்கிறார். சம்பந்தி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பின் சத்தம் அடங்கும் முன் சம்பந்தியம்மா நம் பள்ளி வாசலில் நின்றார்.

"அவரை வெளியில கூட்டிட்டுப் போகணும் சம்பந்தி. உள்ளேயே உட்கார்ந்து சுவரோட சண்டை போட்டுக்கிட்டிருக்கார். எப்படியாவது எனக்குக் கத்துக் குடுத்துடுங்க" என்றார். சொல்லும்போது குரல் கொஞ்சம் கம்மியது. உங்க வீட்டு வண்டியிலேயே பழகலாமே என்று சம்பந்தியிடம் கேட்டேன். "புது வண்டிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரி, பெண் கொடுத்த வீட்டில் உறையைத் தூக்கிப் பார்ப்பது எனக்கு அழகா? வெள்ளைக் காரிலேயே ஆரம்பித்தோம்.

என் பாடம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் சைரன். "காலை எடு! கண்ணு எங்க இருக்கு? கிளட்ச் என்ன உன் எதிரியா?" என்று நான் கத்தினால் அடுத்த தெருவில் போகிறவர் பிரேக் போடுவார். ஆனால் சம்பந்தியம்மாவிடம் எப்படிக் கத்துவது? கத்துவது கிடக்கட்டும், அவர் காலைப் பற்றி வாய் திறப்பதே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஸ்டியரிங், கண்ணாடி, கை சிக்னல் எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். இடுப்புக்குக் கீழே எந்தப் பாடமும் நடத்தவில்லை.

சமதரையில் ஒரு குறையும் இல்லை. தையல்காரர் அல்லவா, கோடு போட்டால் கோட்டில் போவார். சரிவுக்கு வந்தபோதுதான் வினை. லைசென்ஸ் தேர்வு மைதானத்தில் ஒரு சிமென்ட் சரிவு உண்டு. பாதி ஏறி நிறுத்த வேண்டும், பிறகு பின்னால் ஒரு சாண்கூட உருளாமல் மறுபடி கிளம்ப வேண்டும். அதற்குப் பழக நாங்கள் போவது மூடிக் கிடக்கும் ஒரு கிடங்கின் சரக்கு ஏற்றும் சரிவுக்கு. உன் மாமியார் மோட்டார் வைத்த தையல் இயந்திரத்தில் காலம் தள்ளியவர். அவர் காலுக்குத் தெரிந்தது இரண்டே நிலைதான், ஒன்று சும்மா, இல்லாவிட்டால் முழுசு. பின்னால் உருண்டுவிடுமோ என்ற பயத்தில் வலது காலை முழுசாக அமுக்கி, இடது காலைப் படக்கென்று எடுத்தார். முன்சக்கரம் வழுக்கியது, பிடித்தது, மறுபடி வழுக்கியது, மறுபடி பிடித்தது, எல்லாம் ஒரு நொடிக்குள். தடதடதடவென்று கார் முன்பக்கத்தால் குதித்தது. டேஷ்போர்டு பெட்டி தானாகத் திறந்துகொண்டது, கூரை மேலிருந்த பள்ளிப் பெயர்ப் பலகை என் பக்கத்துக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுக் கீழே விழுந்தது.

"என்ன சம்பந்தி, வண்டி குதிக்குது?"

உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். வேறொன்று வந்துவிட்டது. "வண்டியிலதாங்க கோளாறு."

வேறு யாராக இருந்தாலும் இதோடு முடிந்திருக்கும். ஆனால் சம்பந்தியம்மா, கோட்டு நன்றாக இருந்தால் போட்டுக்கொண்டு போகாமல் உள்துணியைப் பிரித்து எப்படித் தைத்திருக்கிறார்கள் என்று பார்க்கிற ரகம். "என்ன கோளாறு?" என்றார். "எஞ்சின் மவுண்ட்டுங்க" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை, வாயில் முதலில் அகப்பட்டது அதுதான். மவுண்ட் என்றால் என்ன என்று கேட்டார். எஞ்சினைக் கார் உடம்போடு நேராக முடுக்கிவிட்டால் அதன் நடுக்கமெல்லாம் நம் முதுகுத்தண்டுக்கு வந்துவிடும், அதனால் நடுவில் ரப்பர் கட்டைகள் வைத்திருக்கிறார்கள், பக்கத்துக்கு ஒன்று, கீழே ஒன்று என்று சொன்னேன். "அப்ப எஞ்சின் மெத்தையில படுத்திருக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "மெத்தை நைஞ்சா மாத்திட வேண்டியதுதானே? வாங்க, போய்ப் பார்க்கலாம்" என்று காரைப் பட்டறைப் பக்கம் திருப்பிவிட்டார். கை சிக்னல்கூட சரியாகக் காட்டினார்.

பட்டறையில் மெக்கானிக்கிடம் கண்ணைக் காட்டினேன். அவரும் புரிந்துகொண்டு, சும்மா ஒரு பார்வை பார்ப்பதற்காக பானட்டைத் திறந்தார். பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளட்சைக் கொஞ்சம் விடச் சொன்னார். விட்டேன். "அண்ணே..." என்றார். அந்தக் குரலே மாறியிருந்தது. "அண்ணே, நிஜமாவே ஆடுதுண்ணே!" எஞ்சின் தலையைத் தூக்கி எட்டிப் பார்த்துவிட்டுப் படுத்தது. சம்பந்தியம்மா கைப்பையிலிருந்து தையல் சாக்பீஸை எடுத்து, எஞ்சினிலும் அதன் பக்கத்துத் தகட்டிலும் சேர்த்து ஒரு கோடு போட்டார். மறுபடி விடச் சொன்னார். கோடு பிரிந்தது. இன்ச் டேப்பால் அளந்து, "ரெண்டு விரல் தள்ளிப் போகுது" என்று என்னைப் பெருமையோடு பார்த்தார். நான் புளுகியது உண்மையாகிவிட்டது. மகளே, புளுகு பொய்யாகவே இருந்தால் சமாளிக்கலாம். உண்மையாகிவிட்டால் என்ன செய்வது?

இரண்டு நாள் கழித்து சம்பந்தியே வந்துவிட்டார். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் ஏறாதவர், கறுப்புக் கண்ணாடியோடு பின் சீட்டில் ஏறி, "நானும் வரேன், அந்தக் குதியலைக் கேட்கணும்" என்றார். சரிவில் கார் தடதடத்தது. பின்னாலிருந்து குரல் வந்தது. "எஞ்சினாவது ஒண்ணாவது. உன் காலுதாம்மா."

"சம்பந்தியே எஞ்சின்னு சொல்லிட்டார். டேப் வெச்சு அளந்தும் பார்த்தாச்சு."

"பஸ் ஓட்டினவன் நானா, டேப்பா? சம்பந்தி, நீங்க சொல்லுங்க. எஞ்சினா, காலா?"

இப்போது என் நிலைமையை யோசித்துப் பார். காலென்றால் சம்பந்தியம்மாவுக்கு அவமரியாதை, நான் புளுகியதும் வெளியாகும். எஞ்சினென்றால் சம்பந்தியின் தொழிலுக்கே அவமரியாதை. பாம்பும் சாகக்கூடாது, கம்பும் முறியக்கூடாது. "மவுண்ட்டை மாத்திப் பார்த்துட்டா தெரிஞ்சிடும்ங்க" என்றேன். சம்பந்தி அதைப் பிடித்துக்கொண்டார். "நல்ல கெட்டியான ரப்பராப் போடுங்க. அப்பவும் குதிச்சா காலுதான். வண்டியை டிப்போக்காரருக்குக் குடுத்துடறேன்." "குதிக்கலைன்னா?" என்றார் சம்பந்தியம்மா. சம்பந்தி முன் சீட்டின் முதுகைத் தடவிப் பார்த்தார். பிறகு, "குதிக்கலைன்னா நீ ஓட்டு, நான் பக்கத்து சீட்ல உட்காரறேன்" என்றார். அவர் வாயிலிருந்து இது வந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும். ஒரு கண்டக்டரைக்கூட சமமாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டவரில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்குத்தான் எனக்கே அந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது. இத்தனை வருடம் சக்கரம் குதித்தால் பையனைத் திட்டியிருக்கிறேனே தவிர, ஏன் குதிக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. மெக்கானிக்கும் நானும் தேநீரை ஆறவிட்டுப் பேசினோம். நீ சின்ன வயதில் கனமான நாற்காலியைத் தரையில் தள்ளுவாயே, அது வழுவழுவென்று போகாமல் கிறீச், கிறீச்சென்று விட்டு விட்டு நகருமே, அதுதான் விஷயமாம். சக்கரம் தரையைப் பிடிக்கிறது. திடீரென்று வரும் விசை எஞ்சினை அதன் ரப்பர் மெத்தையில் முறுக்கி ஒரு பக்கம் சாய்க்கிறது. சக்கரத்தின் பிடி விட்டதும் முறுக்கிய ரப்பர் திருப்பி உதைக்கிறது. அந்த உதையில் சக்கரம் மறுபடி பிடிக்கிறது, மறுபடி முறுக்கு. மெத்தை எவ்வளவு தொளதொளவோ அவ்வளவு பெரிய ஆட்டம். ஆக, ஆரம்பித்து வைப்பது கால், அதைக் குதியாட்டமாக்குவது ரப்பர். கணவன் மனைவி இருவர் சொன்னதும் சரி. இதைப் போய் அவர்களிடம் சொல்ல முடியுமா? இருவருமே தோற்றதாக எடுத்துக்கொள்வார்கள்.

முதலில் கீழே இருக்கும் மவுண்ட்டை மட்டும் கெட்டி ரப்பரில் மாற்றினோம். சாக்பீஸ் கோடு ஒரு விரல்தான் பிரிந்தது. சரிவில் தடதடவென்றது தட... தட... என்று குறைந்தது. சம்பந்தியம்மா இறங்கிப் போய்க் குனிந்து தரையைப் பார்த்தார். டயர் கறுப்புத் தடம் போட்டிருந்தது. "முன்னாடி விட்டு விட்டு ஓட்டின தையல் மாதிரி இருந்தது. இப்ப பாருங்க, தையல் நீளமாயிருக்கு" என்றார். இவ்வளவு நாள் அந்தச் சரிவில் நின்றிருக்கிறேன், தரையில் இருப்பது குதித்த கணக்கு என்று எனக்குத் தோன்றவேயில்லை. பின் சீட்டிலிருந்து சம்பந்தி கத்தினார். "என்ன இருக்கு? எனக்கும் சொல்லுங்க!" சம்பந்தியம்மா அவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் விரலால் தடவிப் பார்க்க வைத்தார். இருவரும் மண்டியிட்டுத் தரையைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்த கிடங்குக் காவலாளி, ஏதோ தொலைந்துவிட்டது என்று தானும் தேட ஆரம்பித்துவிட்டார்.

அடுத்து மற்ற மவுண்ட்டுகளையும் மாற்றினோம். கோடு அசையவேயில்லை. சரிவில் ஒரு குதியல் இல்லை, தடம் ஒரே நேர்கோடு. "பார்த்தீங்களா!" என்று சம்பந்தியம்மா கைதட்டினார். "குதிக்கலை, ஒத்துக்கறேன். ஆனா டயர் கீச்சுன்னு கத்துதே? ரப்பர் மாறியிருக்கு, கால் மாறலை" என்றார் சம்பந்தி. மறுநாள் மழையில் ஈரச் சரிவில் ஏற்றிப் பார்த்தால் குதியல் கொஞ்சம் தலைகாட்டியது. மெக்கானிக்கைக் கேட்டோம். சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகளின் மூட்டிலும் ரப்பர் உண்டு, டயரே ரப்பர்தான், மவுண்ட்டைக் கெட்டியாக்கினால் ஆட்டம் குறையும், அடியோடு போகாது என்றார். "அப்ப அதையெல்லாமும் மாத்தலாமா?" என்று சம்பந்தியம்மா ஆவலோடு கேட்டார். "மாத்தலாம்ங்க, அப்புறம் நாம இரும்புப் பெட்டிக்குள்ள உட்கார்ந்து போற மாதிரி இருக்கும்" என்று நான்தான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

இதற்குள் நடுக்கம் வந்துவிட்டது. மெத்தையை எடுத்துவிட்டுப் பலகையில் படுக்க வைத்தால் எஞ்சின் தன் புலம்பலை எல்லாம் நம்மிடம்தானே கொட்டும்? சிக்னலில் நின்றால் கண்ணாடியில் பின்னால் வருபவர் மூன்று பேராகத் தெரிகிறார். உன் அம்மா ஒருநாள் ஏறி, "வீட்டுக்குப் போகலாம்" என்றாள், அது எட்டுத் துண்டாக வெளியே வந்தது. பழக வரும் முடிதிருத்துபவர் ஒருவர் முறையிட்டார்: "சார், கிளாஸ் முடிஞ்சு கடைக்குப் போனா கத்தி கையில நிக்க மாட்டேங்குது. நேத்து வந்த கஸ்டமர் பாதியில எழுந்து போயிட்டார்."

ஆனால் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஒரு நாள் சரிவின் நடுவே சம்பந்தியம்மா காலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். "சம்பந்தி, கிளட்ச் பிடிக்கிற இடம் இப்ப தெரியுது. சீட்டே சொல்லுது. நடுக்கம் மாறுது பாருங்க, இதோ, இங்க." கெட்டி மவுண்ட் எதையும் மறைக்காமல் உடம்புக்குச் சொல்லிவிடுகிறதாம்! நான் சொல்லத் தயங்கிய பாடத்தை அந்த ரப்பர் சொல்லிக்கொடுத்துவிட்டது. அவர் இடது கால் அங்கே நின்றது, வலது கால் மெல்ல அமுங்கியது, கார் குதிக்காமல், கத்தாமல் ஏறியது. பின்னாலிருந்து சம்பந்தி, "கால் வந்துடுச்சு" என்றார். "மவுண்ட் வந்துடுச்சு" என்றார் சம்பந்தியம்மா. வீடு வரைக்கும் அதே சண்டை. இறங்கும்போது சம்பந்தி, "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

இனி என் கவலை. நாளை மறுநாள் தேர்வு. கீழ் மவுண்ட்டைக் கெட்டியாக விட்டுவிட்டு மற்றவற்றை மென்மையாக்கினால் எல்லாருக்கும் நல்லது என்கிறார் மெக்கானிக். முடிதிருத்துபவரின் பிழைப்பை நினைத்தால் செய்துவிடலாம். செய்தால் சீட்டு பேசாது. சீட்டு பேசாவிட்டால் சம்பந்தியம்மாவின் கால் பழைய குணத்துக்குத் திரும்பிவிடுமோ? சரிவில் ஒரு குதி குதித்தால் போதும், கார் டிப்போக்காரருக்குப் போய்விடும், சம்பந்தி மறுபடி சுவரோடு சண்டைக்குப் போய்விடுவார். அதை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. ஆகவே நீதான் உன் மாமியாரிடம் நைசாகச் சொல்ல வேண்டும்: "அத்தை, அப்பா அன்னிக்கு எஞ்சின்னு சொன்னது பாதி மரியாதைக்கு. கால்லயும் கவனம் வெச்சுக்கோங்க." நீ சொல்ல முடியாதென்றால் மாப்பிள்ளையைச் சொல்லச் சொல். அவரும் முடியாதென்றால், எனக்கு இன்னும் ஒரு நல்ல புளுகு யோசித்து உடனே அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளைக்கு என் அன்பும் மரியாதையும். நீங்கள் இருவரும் சண்டை சச்சரவோடும் சமாதானத்தோடும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: மேலே எழுதிய எதையும் யாரிடமும் சொல்லிவிடாதே. கடிதத்தைத் தபாலில் போடாமல் சட்டைப் பையில் வைத்தபடியே தேர்வுக்குப் போய்விட்டேன். தேர்வு அதிகாரி வெள்ளைக் காரில் ஏறினார், கண்ணாடியைப் பார்த்தார், "பின்னாடி வர்றது ஒரு வண்டியா, ரெண்டா?" என்று கேட்டுவிட்டு இறங்கிவிட்டார். வேறு வழியில்லாமல் இன்னொரு பள்ளிக்காரரின் பழைய காரைக் கேட்டு வாங்கினோம். அதன் மவுண்ட் எந்தக் காலத்தில் போட்டதோ, எஞ்சின் ஊஞ்சலாடியது. உன் மாமியார் ஏறி, சரிவின் பாதியில் நிறுத்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எந்தச் சத்தமும் கேட்கவில்லை. திறந்து பார்த்தால் கார் உச்சியில் நிற்கிறது, அதிகாரி கையெழுத்துப் போடுகிறார். தேறிவிட்டார்!

அங்கிருந்து நேராக அவர்கள் வீடு. "நாளைக்குப் பார்த்துக்கலாமே" என்று சம்பந்தி வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். சம்பந்தியம்மா கேட்கவில்லை, உறையை உருவிப் போட்டுவிட்டு ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார். கீழே பார்த்தார். "சம்பந்தி, இங்க ஒரு பெடல் குறையுதே?"

நான் குனிந்து பார்த்தேன். கிளட்ச் இல்லை. கழன்று விழவில்லை, வைக்கவே இல்லை. தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டி! நாங்கள் இத்தனை நாள் ரப்பரைக் கெட்டியாக்கி, தரையைத் தடவி, முடிதிருத்துபவரின் கையை நடுங்க வைத்துப் படித்த பாடத்துக்கு இந்த வண்டியில் வேலையே கிடையாது. "நீங்க இதை ஓட்டினப்பல்லாம் உங்க பின்னாடிதானே உட்கார்ந்து வந்தேன், உங்க காலை நான் எங்க பார்த்தேன்?" என்று சம்பந்தியம்மா கணவரைக் கேட்டார். சம்பந்தி கறுப்புக் கண்ணாடியோடு கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பஸ் கிளட்ச்சை மிதிச்சு மிதிச்சு இடது முட்டி போயிடுச்சு சம்பந்தி. அதான் இதை வாங்கினேன். டிப்போவுல தெரிஞ்சா சிரிப்பாங்கன்னு மூடி வெச்சேன்."

"எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமேங்க?" என்றேன்.

"சொல்லியிருந்தா ஒரு வாரத்துல எல்லாம் முடிஞ்சிருக்கும்." கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "கண்ணு போனதுக்கப்புறம் என்கிட்ட யாரும் எதையும் கேட்கிறதில்ல. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அவ்வளவுதான். நீங்க ரெண்டு பேரும் தினம் என்னைப் பின்னாடி உட்கார வெச்சு, எஞ்சினா காலான்னு கேட்டீங்க. அது முடிஞ்சிடக் கூடாதுன்னு இருந்தது."

"அந்த டிப்போக்காரர்?"

"அப்படி யாரும் கேட்கவேயில்லீங்க."

உன் மாமியார் என்னைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "பேசினது போதும், ஏறுங்க" என்றார். சம்பந்தியின் கை பழக்கத்தில் ஓட்டுநர் பக்கத்துக் கதவுக்குத்தான் போனது. பிறகு காரைத் தடவிக்கொண்டே சுற்றி வந்து மறுபக்கம் ஏறினார். கார் சத்தமில்லாமல் கிளம்பியது. "மெதுவா, மெதுவா" என்றார் அவர். "ஓட்டறது நான். நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றார் இவர். "எனக்கென்ன வேலை?" என்று கேட்டதற்கு, "வழி சொல்லுங்க" என்று பதில் வந்தது.

சாயங்காலம்தான் திரும்பினார்களாம். அவருக்குத் தெரிந்தது அவர் ஓட்டிய பஸ்ஸின் வழி ஒன்றுதான். உன் அம்மா விசாரித்துவிட்டாள், ஒரு நிறுத்தத்தைக்கூட விடாமல் எல்லாவற்றிலும் நின்று போயிருக்கிறார்கள்.